உபதேசியார் மாற்றி எழுதியது

இன்னாசிமேரிக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. அவளுடைய அண்ணன் அமிர்தராஜ், ஊர் வேதக்கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். அவர் மூத்த தாரத்துப் பிள்ளை, இவள் இளைய தாரத்துக் கடைசி. ஆனாலும் ஒரு வயிற்றில் பிறந்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள். அவரை அடக்கம் செய்த பத்தாம் நாள், அவர் எழுதிவைத்திருந்த நாவல் புதுச்சேரி அச்சகத்திலிருந்து கட்டாக வந்து இறங்கியது.

கதை இதுதான். நாலு வயது மகளுக்குக் காய்ச்சல். தாய் உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, திருவிழாக் கொடி இறங்கும்வரை கோயில் எல்லையைத் தாண்டுவதில்லை என்று நேர்ந்துகொள்கிறாள். ஆறாம் நாள் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. தாய் பயந்துபோய் ஆட்டோவில் ஏறப்போகிறாள். கோயில் உபதேசியார் தடுக்கிறார், பிள்ளை சாகிறது.

படித்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். புனிதரையே பழித்துவிட்டார் என்றார்கள் சிலர். பங்குச் சாமியாரோ, இது விசுவாசத்தைச் சோதிக்கும் கதை என்றார். இன்னாசிமேரியின் புருஷன் பிராங்க்ளின் ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

"செத்தப்பறம் பாவசங்கீர்த்தனம் பண்றான் உங்கண்ணன். அதுவும் அச்சடிச்சி."

அவன் மங்களூரில் மீன்பிடி போட்டு வேலைக்குப் போயிருந்தபோதுதான் மகள் ஜெனிதா அப்படிச் செத்தாள். பெற்றவளே கொன்றுவிட்டாள் என்று ஒன்பது வருஷமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவன், நாவலைப் படிக்கக் கேட்டபின் மாறிப்போனான். உப்பில் வெடித்த அவள் பாதங்களுக்குக் களிம்பு வாங்கி வந்து அவனே தடவினான். மச்சானின் முப்பதாம் நாள் பூசைக்கு இந்த வீட்டிலிருந்து யாரும் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டான்.

அண்ணன் ஏன் இப்படி எழுதினார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவள், அண்ணன் மகள் மெர்லினைக் கூப்பிட்டு, ஆட்டோ வரும் பக்கத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

"'ஆட்டோ நிக்குது, எந்திரி. சாமி கோச்சிக்காது' அப்படின்னு அந்த அம்மா புள்ளகிட்ட சொல்றாங்க அத்தை. அதுக்கு உபதேசியார், 'கொடி எறங்கட்டும், நடுவுல போனா நேர்ச்சை செல்லாது'ன்றாரு."

இன்னாசிமேரி மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஜெனிதா செத்த அன்று கோயில் வாசலில் ஆட்டோவை ஓடவிட்டு நின்றவர் அண்ணன். எந்திரி என்று கையைப் பிடித்து இழுத்தவரும் அவர்தான். நேர்ச்சை செல்லாது என்று கையை உதறியவள் இவள். அவர் வாயில் வந்ததைத் தாய்க்குக் கொடுத்து, இவள் சொன்னதைத் தன் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். சாமியைப் பற்றி எழுதவில்லை, சோதனையைப் பற்றியும் எழுதவில்லை. தங்கச்சியின் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"ஏன் அத்தை அழுறீங்க?" என்றாள் மெர்லின்.

முப்பதாம் நாள் விடியலில் பிராங்க்ளின் களிம்போடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணன் ஆட்டோ எட்த்துனு வந்தாரு. நான்தான் ஏறல."

அவன் களிம்பை மூடி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினான்.

பூசையில் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் முழங்காலிட்டிருந்தான். கல்லறையில் மச்சானுக்கு மெழுகுவத்தி ஏற்றிவைத்து, நெற்றி மண்ணில் படும்படி குனிந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது பத்தடி முன்னாலேயே நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.