ஏழாம் நம்பர் மலையின் ஒற்றை வழி

பனி இறங்கும் அந்தியில் மானாப்புல்லிலிருந்து ஒரு வாசனை எழும்... எலுமிச்சையும் ஈர மண்ணும் கலந்தது போல. அந்த வாசனை பட்டால் இன்றும் என் நடை தானாகவே மெதுவாகிவிடுகிறது.

நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்த புதிது. வயது இருபத்தைந்து. ஏழாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மானாப்புல் நட்டிருந்தார்கள். மேலே காடு, கீழே லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களின் மரக்கறித் தோட்டங்கள். பொழுது சாயும்போது காட்டிலிருந்து மரைகள் என்ற பெரிய மான்கள் புல்லுக்கு இறங்கும்.

அவற்றைப் பதுங்கிச் சென்று பார்ப்பது என் பழக்கமாயிற்று. அதற்கும் விதிகள் வைத்திருந்தேன். காற்று முகத்தில் பட வேண்டும். வெள்ளைச் சட்டை ஆகாது. மரை தலை குனிந்து மேயும்போது மட்டுமே நடக்கலாம். அது நிமிர்ந்தால், தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கக் கூடாது.

பார்த்ததை ஒரு கொப்பியில் குறிப்பேன். நேரம், காற்றின் திசை, எண்ணிக்கை.

ஆறு மரைகள். அவற்றில் ஒரு பெட்டைக்கு இடது காது கிழிந்திருக்கும்.

பிறகு ஐந்து.

பிறகு நான்கு...

காரணமின்றி யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே காரணங்களைத் தேடினேன்.

மாலைக் காவலுக்கு வேலு என்பவர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். தகரம் தட்டி மரைகளை மரக்கறியை விட்டு விரட்டுவது அவர் வேலை. ஆனால் லயத்தாரின் முறைப்பாட்டின் பேரில், காட்டோரம் முழுவதும் ஆளுயர முட்கம்பி வேலி போட நானே ஏற்பாடு செய்திருந்தேன். மரக்கறிக்கு எட்டாத மேல் மூலையில் மட்டும் மரைகளுக்கென்று ஒரு வழி விட்டிருந்தேன். அதன் பிறகு தகரத்துக்குத் தேவையே இல்லை.

அப்படியிருந்தும் அவர் தட்டினார். அதுவும் நான் மரைகளை நெருங்கும் சரியான நேரத்தில். அவை மிரண்டு அந்த ஒற்றை வழியை நோக்கி ஓடும்.

அங்கே என்ன காத்திருக்கிறது?

தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர்ந்தால் வேலுவுக்கு வேலை போகும். அதோடு அவர் குடும்பம் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். அது எனக்குத் தெரியும். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மாலை மரைகளை விட்டுவிட்டு அந்த வழியருகே போய்ப் பதுங்கினேன்.

கீழே தகரம் ஒலித்தது. புல் சரசரத்தது. அடுத்த கணம் ஓர் அலறல்... கிழிந்த காதுப் பெட்டை வழியிலேயே விழுந்து உதைத்துக்கொண்டிருந்தது. முன்னங்காலில் கேபிள் கம்பிச் சுருக்கு.

வேலு மூச்சிரைக்க ஓடி வந்தார். மரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா இங்கயேதான் இருந்தீங்களா?"

"நீங்களும் நேரா இங்கதானே வாறீங்க, வேலண்ணே."

"தட்டுனா இங்கதானே ஓடும். வேற வழி எங்க விட்டு வச்சிருக்கீங்க?"

தோளில் கிடந்த படங்குச் சாக்கை மரையின் கண்களின் மேல் போட்டார். "தலைய அமுக்குங்க. கால் பக்கம் வராதீங்க, வயித்தக் கிழிச்சுப்புடும்."

நான் அமுக்கினேன். அவர் சுருக்கை ஒரே இழுப்பில் தளர்த்தினார். மரை எழுந்து, நொண்டி, இருட்டத் தொடங்கியிருந்த காட்டுக்குள் மறைந்தது.

கேபிள் மிஞ்சியது.

"குடுங்க, நான் கொண்டுபோறேன்."

"பரவால்லைங்க ஐயா, எங்கிட்டயே இருக்கட்டும்."

"ஆபீஸ்ல குடுக்கணும்."

"அப்ப நானும் வாறேன்."

ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி ஆபீஸ் வரை நடந்தோம்.

கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும். அவர் தகரம் தட்டியதை அறிவேன். சுருக்கு வைத்ததை நான் பார்க்கவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் வேலியில் இன்னும் நான்கு வழிகள் திறக்கச் செய்தேன். நான் மாற்றலாகிப் போகும்வரை கொப்பியில் எண்ணிக்கை நான்குக்குக் கீழே இறங்கவில்லை.

சென்ற மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில் வேலுவைக் கண்டேன். தலை முழுவதும் நரைத்திருந்தது. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தபின் கேட்டார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கேபிள வச்சது நீங்கதானா?"

என் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வேலி போட்டு ஒத்த வழி விட்டீங்க. தெனம் அந்தியில பதுங்கிப் பதுங்கி வாறீங்க. கொப்பில வேற எழுதுறீங்க. சும்மா பாக்குறதுக்கு எவன் அப்புடி வருவான்? அதான் நீங்க கிட்டப் போறதுக்குள்ள தட்டி வெரட்டிருவேன். துரைகிட்ட சொல்லணும்னு பங்களா வாசல் வரைக்கும் போனேன். கணக்கப்பிள்ளை மேல சொன்னா யாரு நம்புவான்னு திரும்பிட்டேன்."

"நான் இல்ல, வேலண்ணே."

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

என் வேலியும் அவர் தகரமும் சேர்ந்து, யாரோ ஒருவனுக்கு இரண்டு மரைகளைப் பிடித்துக் கொடுத்திருக்கின்றன... அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

ஏழாம் நம்பர் மலையில் இப்போது மீண்டும் தேயிலை. மரைகள் ரோட்டோரத்துக்கே வருகின்றன. பிள்ளைகள் வேனை நிறுத்தி, ஃபோன் வெளிச்சத்தில் படம் எடுக்கிறார்கள். காற்றின் திசை யாருக்கும் தேவைப்படுவதில்லை. அவர்களை யாரும் சந்தேகிப்பதுமில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பசறை பஸ் வந்ததும் வேலு ஏறி ஜன்னலோரம் அமர்ந்தார். பஸ் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கையசைத்தபடி நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது... அந்தச் சுருக்கை அவர் எப்படி ஒரே இழுப்பில் தளர்த்தினார் என்று நான் கேட்கவேயில்லை.