கடைசி ஆளுக்குப் பின்னால்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் செல்போனை எடுத்து நோண்டத் தொடங்கிவிடுகிற ஆள் நான். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடமாக க்ளெய்ம் சரிபார்க்கிற வேலை, எவர் என்ன சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் சொல்கிறானே என்பதற்காகவாவது முழுதாகக் கேளுங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. இதில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு வரி கிடையாது.

ஒரு நாற்பது வயதுக்குமேல் தொப்பை விழுந்தவர்கள் எல்லாம் சைக்கிள் வாங்குகிறார்கள் இல்லையா, நானும் வாங்கினேன். ஆழ்வார்பேட்டையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரபு என்கிற பையன்தான் எங்கள் சைக்கிள் குழுவுக்குத் தலைவன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது இருக்கும், ஐ.டி.யில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே காலுக்கு மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் கூடுவோம். சாந்தோம், பட்டினப்பாக்கம், அடையாறு பாலம், பெசன்ட் நகர், அங்கிருந்து உள்தெருக்கள் வழியாகத் திருவான்மியூர், கோயில் பக்கத்தில் ஒரு கடையில் இட்லி வடை காபி, திரும்பி வீடு. போட்டி கிடையாது. யாரையும் நடுவழியில் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். அதற்காக வாரம் ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக, மெதுவாக வருகிறவருக்கும் பின்னால் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கு ஸ்வீப் என்று பெயர்.

அந்த வாரம் ஸ்வீப் நான். கடைசி ஆள் வசந்தா மாமி.

மாமிக்கு அறுபத்தொரு வயது. சித்திரைக்குளம் பக்கத்தில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சல்வார் கமீஸ், முன்னால் கூடை வைத்த சைக்கிள், தலையில் பேரனுடைய ஹெல்மெட். குழுவில் சேர்ந்து மூன்றாவது வாரம். கிளம்புவதற்கு முன் என்னிடம் மட்டும் வந்து மெதுவாகச் சொன்னார்.

"முரளி, நேக்கு சுகர் உண்டு. மாத்திரை போட்டுண்டுதான் வந்திருக்கேன். சில நாள் திடீர்னு கிறுகிறுன்னு வரும். நீங்கதான் பின்னாடி வரேளாமே, கொஞ்சம் பாத்துக்கோங்கோ. எல்லார்கிட்டயும் சொன்னா வரவேண்டாம்னுடுவா."

"கவலப்படாதீங்க மாமி, நான் இருக்கேன்" என்றேன். இப்படியேதான் சொன்னேன்.

எனக்கு அன்றைக்குப் புது சைக்கிள். வாங்கி நான்கு நாள்தான். காலை வைத்தாலே பறக்கிற வண்டியை வைத்துக்கொண்டு மாமிக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டு போனால் எப்படி இருக்கும் சொல்லுங்கள். பட்டினப்பாக்கம் தாண்டும்போதே மற்றவர்களின் சிவப்பு விளக்குகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் மாமி இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். நானும் இறங்கித் தள்ளினேன். அப்போது எனக்குள் ஒரு எரிச்சல் வந்தது. அதை விவரமாக இப்போது சொல்ல வேண்டாம், பிறகு வருகிறது.

பெசன்ட் நகர் தாண்டி உள்தெருவுக்குள் திரும்பியதும், "மாமி, நேரா வாங்க, அடுத்த திருப்பத்துல நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். திருப்பத்தில் நிற்கவில்லை. அடுத்த திருப்பத்திலும் நிற்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைக்குள் நுழைந்தபோது பிரபு உள்ளே மேஜையை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "முரளி சார், எல்லாரும் வந்தாச்சா?" என்று தலையைத் தூக்காமலே கத்தினான். அவன் நிமிர்ந்ததும் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடப்போகிறார், இதற்கு எதற்கு விளக்கம் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். புது சைக்கிளைப் பற்றி நான்கு பேர் கேட்டார்கள், நானும் பேசினேன், பேசினேன், இரண்டு வடை சாப்பிட்டேன், இரண்டாவது காபியும் வந்தது. நன்றாக விடிந்துவிட்டது. போட்டோ எடுக்க வெளியே நின்றபோதுதான் பிரபு ஆட்களை எண்ணினான்.

"வசந்தா மாமி எங்க?"

"வழியில அவங்களுக்கு ஒரு போன் வந்துது, பேசிட்டு வர்றேன்னாங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை, தயாராக வாயில் இருந்தது. "நான் போய்ப் பாத்துட்டு வரேன்." மாமிக்கு போன் அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சுகர் என்று சொன்னாரே, முக்கால் மணி நேரம் ஆகிவிட்டதே. வந்த வழியே மிதித்தேன்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நான் மாமியை விட்டுவந்த தெருவில், மூடிக்கிடந்த ஒரு வீட்டின் வாசல் படியில் மாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை மணிக்கட்டு வீங்கியிருந்தது, முட்டியில் சிராய்ப்பு. பக்கத்தில் தெரு பெருக்குகிற அம்மா ஒருத்தி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாமியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள்.

"இன்னா சார், ஆட்டோ இட்டாறேன்னு சொல்லிட்டு இப்பதான அந்தாண்ட போன? அதுக்குள்ள இந்தாண்டலேர்ந்து வந்து நிக்கிற? ஆட்டோ எங்க?"

அவள் கை காட்டியது கடற்கரைப் பக்கம். நான் வந்தது கோயில் பக்கம்.

"நான் இப்பதாம்மா வர்றேன்" என்றேன்.

"இன்னா நைனா வெளையாடுற? நான் தெருவுக்குள்ள வர்றதுக்கு மின்னாடியே நீ இங்க குந்திகினு இருந்த. இந்தம்மா கைய புட்சிகினு அழுதுகினு இருந்த. நான்தான் ஆம்பள இப்டி அழலாமா, போய் வண்டி இட்டான்னு தொரத்துனேன்."

மாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "வந்துட்டேளா முரளி. பரவால்லை, இப்போ தலை சுத்தல் நின்னுடுத்து. நீங்க குடுத்த கடலை மிட்டாய்தான் காப்பாத்தித்து" என்றார். அவர் மடியில் மிட்டாய் சுற்றியிருந்த காகிதம் கிடந்தது.

சைக்கிள் ஓட்டும்போது நான் போடுகிற மஞ்சள் சட்டையின் பின்பக்கப் பையில் எப்போதும் இரண்டு கடலை மிட்டாய் வைத்திருப்பேன். கையை விட்டுப் பார்த்தேன். இரண்டும் இருந்தன, பிரிக்காமல்.

அப்போது யோசிக்க நேரமில்லை. பெரிய தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தேன், மாமியைத் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பரிசோதித்த டாக்டரம்மா, "சுகர் ரொம்ப எறங்கியிருக்கணும். சரியான நேரத்துல யாரோ இனிப்பு குடுத்துருக்கீங்க, இல்லேன்னா நினைவு தப்பி அங்கயே கெடந்திருப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன்.

அதற்குள் பிரபுவும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மாமி அவர்களிடம், விழுந்த நிமிஷத்திலிருந்து முரளி பக்கத்திலேயே இருந்தார், கையை விடவே இல்லை என்று சொன்னார். நான் கடையில் வடை தின்றதை அத்தனை பேரும் பார்த்தவர்கள். பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சுகர் எறங்கினா நேரமெல்லாம் கொழம்பிடும் சார், பாவம். எப்படியோ நீங்க திரும்பிப் போனதாலதான் பொழச்சாங்க" என்று தோளில் தட்டினான். போன் வந்து நின்றவர் அதற்கப்புறம் விழுந்திருக்கிறார் என்றுதான் அவன் கணக்கு. அடுத்த ஞாயிறு கிளம்புவதற்கு முன் அவன் இந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னான். கை தட்டினார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். நடிப்புதான்.

மாமிக்குக் குழப்பம் என்றே வைத்துக்கொள்வோம். தெரு பெருக்குகிற அம்மாவுக்கு என்ன குழப்பம்? அதே தெருவுக்குப் போய் அவளைத் தேடினேன், செல்வி என்று பெயர். "வேற யாராவது என்ன மாதிரி இருந்தாங்களா?" என்று கேட்டேன். "உன் மூஞ்சி எனக்கு தெரியாதா சார்? மஞ்ச சட்ட, இதே வண்டி. இன்னா ஒண்ணு, அன்னிக்கு நீ நல்லா பேசுன. இப்ப ஒரு மாரி பேசுற" என்றாள்.

மூன்று வாரம் தூங்கவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் மாமி வீட்டுக்குப் போனேன். கையில் கட்டுடன் காபி கலந்து கொடுத்தார். குடிக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விட்டுவிட்டுப் போனேன், கட்டைவிரலைக் காட்டினேன், போன் வந்தது என்று பொய் சொன்னேன், உங்கள் பக்கத்தில் இருந்தது நான் இல்லை மாமி, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

மாமி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "இதையெல்லாம்தான் அன்னிக்கே சொல்லிட்டேளே முரளி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் படியில உக்காந்துண்டு அழுதுண்டே சொன்னேள். பாலத்துல நான் எறங்கித் தள்ளறச்சே, 'சாகப்போற வயசுல இந்தக் கெழவிக்கு சைக்கிள் ஒரு கேடா'ன்னு மனசுக்குள்ள நெனச்சேன்னு சொன்னேள். கடையில எல்லாரும் வந்தாச்சுன்னு வெரலத் தூக்கிட்டேன்னேள். போன் வந்துதுன்னு சொல்லப்போறேன்னேள். நான்தான் 'என்ன ஒளர்றேள், நீங்க இங்கன்னா இருக்கேள்'னு சமாதானப்படுத்தினேன்."

பாலத்தில் நான் நினைத்ததை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வாய்விட்டு முணுமுணுக்கக்கூட இல்லை. மாமி ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை உட்பட.

"அப்படின்னா மன்னிச்சுட்டீங்களா மாமி?" என்றேன்.

"அன்னிக்குப் படியில கேட்டதுக்கு அன்னிக்கே மன்னிச்சுட்டேன். அப்போதான் நீங்க ஒண்ணு கேட்டுண்டேள்." மாமி என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "'இன்னொரு தடவை ஆத்துக்கு வந்து இதையே கேப்பேன் மாமி, அப்போ மட்டும் மன்னிச்சுட்டேன்னு சொல்லிடாதீங்கோ'ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சுண்டு சத்தியம் வாங்கிண்டேள். ஏன்னு தெரியலை. செஞ்சு குடுத்துட்டேன், அதான் இப்போ கேக்கறதுக்கு சொல்ல முடியலை."

மாமி இப்போதும் எங்களோடு சைக்கிள் ஓட்ட வருகிறார். சிரித்துப் பேசுகிறார், சில ஞாயிறு எனக்கென்று தனியாக டப்பாவில் மோர்க்களி கொண்டுவருகிறார். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நான்கு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மாமி என் தோளுக்குப் பின்னால் யாரிடமோ அனுமதி கேட்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, இல்லை என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டுவார்.