கடைசிப் பெட்டியில் காய்ந்த கைலி

மலேசியாவில் கிள்ளானுக்கு அப்பால், ஓட்டம் நின்ற ரயில் பெட்டிகளைப் போட்டுவைத்த புதர்க்காட்டுக்கு ஒரு காவலாளி இருந்தார். அவை ஓடிய காலத்தில் நெரிசல் என்று திட்டியவர்களே இப்போது துருவைப் படமெடுக்க வந்தார்கள். நானும் போனேன்.

இஸ்திரி போட்ட சட்டையில் நின்ற அவர், எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். என் படமொன்றில், கடைசிப் பெட்டியின் சன்னலில் அவருடைய கைலி காய்ந்தது.

“இத அழிச்சிருங்க தம்பி. இங்கதான் தங்குறேன்னு தெரிஞ்சா பாஸ் வெளிய தள்ளிருவாரு லா.”

அழித்தேன்.

“அழிச்சது போன்ல இன்னொரு எடத்துல கிடக்கும். அங்கயும் அழிங்க.”

ஒரு காலத்தில் பேருந்து நிலையங்களில் படுத்துறங்கியவன் நான்; அவர் சொன்ன இடத்திலும் அழித்தேன். மிச்சப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அழகா இருக்கு லா. யாருமே இல்லாத மாதிரி இருக்கு.”

என் படங்களை அவ்வளவு நிம்மதியோடு பாராட்டியவர் வேறு யாருமில்லை.