வாசலைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர்

நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்து என்று ஏதாவது எழுதியது அண்ணனுக்குப் போட்ட கடிதங்களில் மட்டும்தான். படித்தவர்கள் எழுதும் இடத்தில் நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி செல்வி இங்கே நர்ஸ். அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் லாண்டரியில் எனக்கு வேலை.

ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் இந்த ஊரும் நெல் விளையும் ஊர்தான். வாய்க்கால் உண்டு, மடை உண்டு. விதையை மட்டும் விமானத்தில் தெளிக்கிறார்கள். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். இங்கே பாட்டு வெளியே வராது. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பாட்டுப் போடுகிறார்கள். கல்யாணம் என்றாலும் மண்டபக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது ஆறு வருடமாகியும் எனக்குத் தெரியாது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நாங்கள் மைக் செட் வாடகைக்கு விட்டவர்கள். அண்ணன் கலியமூர்த்தி ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்டுகளையும் பார்த்துக்கொள்வார். மூங்கிலில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது நான். புதிதில் ஒரு கல்யாண வீட்டில் குழாயைப் பந்தலுக்குள் பார்க்கிற மாதிரி கட்டிவிட்டேன். அண்ணன் கீழே நின்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்: “டேய் மண்டு, உள்ள இலையில உக்காந்திருக்கறவனுக்கு எதுக்குடா பாட்டு? அவன்தான் வந்துட்டானே! வராதவன் காதுல விழணும்டா. திருப்பு, ரோட்டப் பாத்துத் திருப்பு!” சாவு வீட்டிலும் அதே வழக்கம்தான்.

லாண்டரி வேனை ஓட்டியவர் கெவின். எழுபதைத் தாண்டியவர். நான் கூடவே போய் மூட்டை ஏற்றி இறக்குவேன். வேனில் எப்போதும் கண்ட்ரி மியூசிக் என்று இவர்கள் சொல்லும் பாட்டுதான் ஓடும். ஒரு கிடார், சில சமயம் ஒரு பிடில். மழை பொய்த்தது, நிலத்தை விற்றது, நாய் செத்தது, எல்லாம் பாட்டாக வரும். பாடுகிறவர் எந்த ஊர், எந்த வருஷம் பதிவானது என்று கெவின் சொல்லிக்கொண்டே வருவார். எனக்குப் பாதி புரியாது. ஒரு நாள், தான் பாடியதும் ரெக்கார்டாக வந்திருக்கிறது என்றார். நான் மரியாதையாக, “அப்படியானால் எதற்கு இந்த வேனை ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வேனை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

சின்ன ரெக்கார்டு அது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. சுற்றுவட்டாரக் கிளப்புகளில் கொஞ்சம் விற்றது, அத்தோடு சரி. முதல் குரல் கெவின், சேர்ந்து பாடும் குரல் அவருடைய தம்பி டான். ஒட்டியிருந்த லேபிளில் கெவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அன்றோடு டான் பேச்சை நிறுத்திவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டானுடைய வயல் ஊரிலிருந்து நாலு மைல்தான்.

தை மாதம் என் அண்ணன் இறந்துபோனார். எங்கள் விசா மனு பாதியில் கிடந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். சாவு வீட்டைப் போனில்தான் பார்த்தேன். மூங்கிலில் குழாய் ரோட்டைப் பார்த்து இருந்தது. யார் கட்டினார்களோ, சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். போன் வழியாக வெறும் இரைச்சல்தான் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். இன்றுவரை வரவில்லை.

சித்திரையில் கெவின் இறந்தார். அவர் மனைவி மார்ஜி லாண்டரிக்கே வந்து என் கையில் அந்த ரெக்கார்டைக் கொடுத்தார். “உனக்கு இதெல்லாம் தெரியும்னு சொல்வார். இது ஒண்ணுதான் இருக்கு. வீட்டில் மிஷின் போய் இருபது வருஷம் ஆச்சு. அடக்கத்தன்னிக்கு அவர் குரலை ஒரு தடவை கேட்கணும். டானுக்கும் சொல்லி அனுப்பியிருக்கேன். வருவானா, தெரியலை” என்றார்.

அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் போய் நிற்க எனக்குக் கூச்சம். செல்வி விடவில்லை. “ஏங்க, ஊர் ஊரா மூங்கில்ல தொங்குன ஆளு, ஒரு ஹாலுக்குள்ள போக வெக்கமா? உங்கள யாரும் பாடச் சொல்லல. ஊசிய வெச்சுட்டு ஓரமா நில்லுங்க, போதும்.”

வியாழக்கிழமை அடக்கம். அஞ்சலி நடந்த மண்டபம் ஊர்க் கடைசியில், அறுப்பு முடிந்த வயலை ஒட்டி இருந்தது. மண்டபத்தின் பழைய ரெக்கார்டு பிளேயரை வாசலோர மேஜையில் வைத்திருந்தார்கள். ரெக்கார்டில் கீறல் இருந்ததால் ஊசி துள்ளாமல் இருக்க, அண்ணன் செய்வதுபோல ஊசித் தலைமேல் நம்மூர் ஒரு ரூபாய்க் காசை வைத்தேன். பிளேயரின் இரண்டு ஸ்பீக்கரையும் வாசலில் கொண்டுபோய் வெளியே பார்த்து வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. முன்வரிசையிலிருந்து மார்ஜி திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தார். டான் வரவில்லை.

கை காட்டினார்கள், ஊசியை வைத்தேன். பாட்டு வயலுக்குப் போனது. வாசலில் நின்ற எனக்கு, கார்கள் நிற்கும் இடத்தின் கோடியில் பின்னால் திறந்த தொட்டி வைத்த ஒரு வெள்ளை யூட் வண்டி தெரிந்தது. உள்ளே தொப்பி போட்ட ஒரு கிழவர். கெவினின் ஜாடை அப்படியே இருந்தது. ஏற்றியிருந்த கண்ணாடி மெல்ல இறங்கியது. இரண்டாவது குரல் சேர்ந்த இடத்தில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அடக்கம் நடத்துகிறவர் ஓடி வந்தார். “என்னப்பா செய்யறே? ஆளுங்க உள்ளே இருக்காங்க!” அவர் ஸ்பீக்கரைத் திருப்புவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

“எனக்கு ஒரு வரிகூடக் கேட்கலை” என்றார் மார்ஜி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. தெரிந்த இங்கிலீஷில், “டான் வெளியே. கண்ணாடி இறக்கினார்” என்று மட்டும் சொன்னேன். மார்ஜி வாசலைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து போகவில்லை.

“இன்னொரு பக்கம் இருக்குதே, அதைப் போடு” என்றார். “ஒண்ணை எனக்கு வை. ஒண்ணை அவனுக்கு வை.”

அப்படியே வைத்தேன். ஒன்று மண்டபத்தைப் பார்த்தது, மற்றது வயலைப் பார்த்தது. நடுவில் வாசற்படியில் நான். இரண்டுக்கும் முதுகுப் பக்கம் நின்றதால் எனக்குத்தான் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. மார்ஜி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் வெளியே கண்ணாடி ஏறியது, வண்டி போய்விட்டது.

“போயிட்டானா?” என்றார் மார்ஜி.

“முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார்” என்றேன்.

மறுநாள் வேன் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். பதினோரு மூட்டை ஏற்றினேன். கெவின் கேட்கிற பாட்டைப் போட்டு, கொஞ்ச தூரம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். அறுப்புத் தூசி உள்ளே வந்தது. ஏற்றிவிட்டேன்.