கண்ணாடியில் வைத்த பொட்டு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்டால் சொல்லவே அலுப்பாக இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையால் கோடு அச்சடிப்போம். மேலே ஒரு விளக்கு பளிச்சென்று ஒரே வெட்டு வெட்டும். அதற்குள் மை இறுகி மின்சாரம் ஓடும் கோடாகிவிடும், தாள் உருகாது. நெஞ்சில் ஒட்டி இதயத் துடிப்பைப் பார்க்கும் பட்டைக்கு அது. இதற்காக சிங்கப்பூரில் ஆங் மோ கியோவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு தினமும் ரயிலில் நின்றுகொண்டே போகிறேன்.

மை கலக்குவது ஓர் அக்கா. மலேசியாவின் ஜொகூரிலிருந்து எல்லைப் பாலம் தாண்டி வருகிறவர். நேரத்துக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பாதி களைத்திருப்பார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தேக்கா சந்தையில் பூவும் சந்தனமும் குங்குமமும் வாங்கிவந்தேன். பூஜையன்று எல்லா மெஷினுக்கும் வெளியில் பொட்டு வைத்தவன், விளக்கு மெஷினுக்கு மட்டும் மூடியைத் திறந்து, விளக்குக்குக் கீழே இருக்கும் கண்ணாடியில் வைத்தேன். அதுதானே அதன் முகம்! மறுநாள் காலை அவசரமாகத் துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து சனியன் பிடித்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு கோட்டில் மின்சாரம் ஓடவில்லை. தூக்கம் வழிந்த கண்ணோடு நான் அறிக்கையில் எழுதினேன்: மை சரியாகக் கலக்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை.

மேனேஜர் சிங்கப்பூர்க்காரர், நல்ல மனுஷன்தான். ஆனாலும் அக்காவிடம், "இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா கலந்த மையே வெளியில வாங்கிடுவோம். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது லா" என்று சொல்லிவிட்டார். அக்கா அடுத்த நாளிலிருந்து எங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து, பழைய மையைக் கொட்டிவிட்டு புதிதாகக் கலக்க ஆரம்பித்தார். நான் மறுபடியும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, கெட்டுப்போன தாள்களைக் குப்பையில் போட அடுக்கும்போது, ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லாவற்றிலும் மை இறுகாத புள்ளி ஒரே இடத்தில். அடப்பாவி! மை கெட்டிருந்தால் எப்படி ஒரே இடத்தில் கெடும்? மெஷின் மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் மங்கலாக ஒரு வட்டம். நான் சரியாகத் துடைக்காத சந்தனம், விளக்கின் சூட்டில் வெந்து ஒட்டியிருந்தது. அதன் நிழல்தான் ஒவ்வொரு தாளிலும் விழுந்திருக்கிறது.

யாரும் பார்க்காமல் துடைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் வெளியில வைங்க லா" என்றதோடு விட்டுவிட்டார். அக்காவின் வேலை தப்பியது.

மை அறைக்குப் போய், "அக்கா, தப்பு என்னோடது. உங்க மையில ஒண்ணுமில்ல" என்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த வாரம் பூரா என் மகளுக்குப் பரீட்சை தம்பி" என்றார். "ஒரு நாள்கூட நான் அவள எழுப்பி அனுப்பல."