சாவு என்றால் போகலாம்

ஊரடங்கில் விமான நிலைய வாசலில் பயணிகளிடம் காரணம் கேட்டு, பதிவேட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விடுவதுதான் என் வேலை. சாவு என்றால் வாய்வார்த்தை போதும். நோய் என்றால் ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து வந்த அந்த அம்மாவிடம் கடிதம் இல்லை. மதுரையில் அவருடைய அப்பாவுக்கு வீட்டிலேயே உயிர் இழுத்துக்கொண்டிருந்தது.

"இறந்துட்டார்னு சொல்லுங்கம்மா, விட்டுடறேன்," என்றேன் தணிந்த குரலில்.

"உசிரோட இருக்கறவரைப் போய் எப்படிப்பா அப்படிச் சொல்லுவேன்? முகம் பார்க்கணும்னுதானே ஓடறேன்!"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அப்ப ஓரமா நில்லுங்க!"

நின்றார். மற்றவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு மெதுவாக என்னிடம் வந்தார்.

"இப்ப சொல்லலாம்பா. விடுறியா?"

விட்டேன். விதிப்படி ஒரு குறையும் இல்லை. அந்தப் பொய்யை நானே எழுதிக்கொண்டு முன்பே விட்டிருக்கலாம் என்பது, அவர் கதவைத் தாண்டிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.