மேகத்தின் மேல் விழுந்த நிழல்

இயற்பியல் டீச்சருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் என்று வீட்டில் ஒரு பேர் உண்டு. அப்படிப்பட்டவள்தான் கடல் தாண்டிப் போய், மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கணவருக்கு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை. கடையை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. தேடி வந்த வேலையை விட இவளுக்கும் மனசில்லை. "நீ போ, இங்க நான் பாத்துக்கறேன்" என்று அவர்தான் வழியனுப்பி வைத்தார்.

அவள் பாடம் நடத்தும் அறையில் கரும்பலகைக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஜன்னல். பிள்ளைகள் பலகையைப் பார்ப்பார்கள். அவள் மலையைப் பார்ப்பாள். காலையில் புகை நீலம், மத்தியானம் பச்சை, சில நாள் மலையே இருக்காது, வெறும் வெள்ளை. பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றுவிடுவாள். "டீச்சர், எங்க போயிட்டீங்க?" என்று முன்வரிசையில் யாராவது சிரித்தால்தான் திரும்பி வருவாள்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து அறை வேதியியல் டீச்சர் அவளைக் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனாள். ஏறினாள் என்றா சொல்வது, பாதி தூரம் தவழ்ந்தாள். குதிகாலெல்லாம் கொப்புளம். திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் எடுத்தாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஷூவை மாட்டிக்கொண்டு வேதியியல் டீச்சரின் கதவைத் தட்டியது அவள்தான்.

அதன்பிறகு மலைப்பித்துதான். ஒரு தடவை தனியாகப் போனபோது மேகம் இறங்கி, நீட்டின கை தெரியவில்லை. பாதையைத் தேடி எடுத்துவைத்த காலுக்குக் கீழே கல் ஒன்று உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. கையில் பட்ட பாறையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். நேரம் போகப் போகப் பயம் கரைந்து, வெள்ளைத் துணியால் யாரோ போர்த்திவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்தது. மேகம் விலகிய பிறகுதான் எழுந்தாள். கணவரிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"மலையில அப்படி என்னதான் இருக்கு?" என்பார் அவர் போனில்.

"வந்து பாருங்க."

பள்ளி விடுமுறையில் வந்தே விட்டார். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, தொப்பையும் புலம்பலுமாக, இரவல் ஷூவில் அவள் பின்னால் ஏறினார். "புருஷனைக் கொல்றதுக்கு ஊர்ல இடமில்லைன்னுதானா இவ்வளவு தூரம் கூப்பிட்டே?" என்று வளைவுக்கு வளைவு கேட்டார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மேகம் வந்து மூடியது.

"திரும்பிடலாம்மா."

"அசையாதீங்க. உக்காருங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். அவர் அவள் தோளில் சாய்ந்து கண் அயர்ந்தார். உலகத்தில் அந்தப் பாறை ஒன்றுதான் மிச்சம் என்பதுபோல் இருந்தது.

பிறகு முதுகில் வெயில் சுட்டது. மேகம் தாழ்ந்து, காலடிக்குக் கீழே பால்கடலாகக் கிடந்தது. அதன் மேல் இரண்டு பெரிய நிழல்கள்.

"யாரது?" அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு நிழலும் எழுந்தது.

அவள் நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம். எத்தனையோ வருஷம் பலகையில் வரைந்து காட்டியது, முதல்முறையாக நேரில். கையை ஆட்டினாள், மேகத்தின் மேல் கை ஆடியது.

"என் தலையச் சுத்தி வட்டம் பாத்தியா! சாமி படம் மாதிரி!" என்றார் அவர்.

"உங்க தலையிலயா? என் தலையிலதானே இருக்கு!"

"கண்ணாடிக்கடைக்காரன்கிட்டயே கதை விடறியா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரவர் கண்ணுக்கு அவரவர் வட்டம்தான் தெரியும், பாடத்தில் சொன்னதுதான். ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது அது இப்படியொரு சண்டையாகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட."

கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். கீழே இரண்டு தலையும் ஒரே நிழலாகி, வட்டத்துக்குள் அடங்கின.

"இப்ப?"

"இப்ப ரெண்டு பேருக்கும்" என்றார். மேகம் கலைகிறவரை இருவரும் அசையவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, சொந்தமாக ஒரு மலையேற்ற ஷூ வாங்கியது. காலுக்குப் பழகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே கடைக்குள் நடக்கிறாராம். கண் பரிசோதிக்க வருகிறவர்கள், பாவம், கடைக்காரருக்குக் காலில் ஏதாவது கோளாறா என்று தம்பியிடம் விசாரிக்கிறார்களாம்.